நிறுத்தினால் அடிக்கிற பறை

— பச்ச பட்டன அமுக்குனியா இல்லியா, இளையபெருமாளு?

— அமுக்குனேன்டா அரியமுத்து. கட்டவெரலு மரத்துப்போற வரைக்கும் அமுக்கிட்டேன். குச்சி அசையவே இல்ல.

— சேப்புல கை கிய் பட்டுடுச்சா?

— எனக்குப் பச்சையும் தெரியும், சேப்பும் தெரியும். கிளாசுல தூங்குனேன்தான். கண்ணு அவிஞ்சி போவல.

— ரெண்டு பேரும் சித்த மெதுவாப் பேசுங்களேன். கோயில் சன்னலுக்கு அந்தாண்ட ஒருத்தன், இந்தாண்ட ஒருத்தன். கேக்குறவங்க மாரியாத்தாளுக்கு மந்தம்னு நெனச்சிக்கப் போறாங்க.

— அக்கா, நீ கொஞ்சம் சும்மா இரு. எங்கயோ தப்புப் பண்ணிட்டேன். எங்கன்னுதான் புடிபடல.

— நான் சும்மா இருந்தா ஆயிடுமா? பொழுது சாயறதுக்குள்ள காப்புக் கட்டணும். அதுக்குள்ள உன் மிஷினு பறையடிக்கலன்னா அப்பா கழுத்துல தொங்குனது உன் கழுத்துல தொங்கும், அது ஞாபவம் இருக்கட்டும். யாரு சொன்னா பஞ்சாயத்துல போயி கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணச் சொல்லி?

— வேற வழி இருந்துச்சா? அப்பாவுக்குக் கை வுழுந்த அன்னைக்கே அடுத்தது நாந்தான்னு முடிவு பண்ணிட்டாங்க. முடியாதுன்னு சொன்ன ஊருல எல்லாம் கடையில உப்புகூட குடுக்க மாட்டேன்னுட்டாங்க. மிஷினு அடிச்சா நம்ம தெருவுலேருந்து இனி ஒருத்தரும் வரவேணாம், அடிக்கலன்னா நான் வரேன்னு சொன்னேன். அவங்களே சிரிச்சிக்கிட்டு ஒத்துக்கிட்டாங்க.

— சிரிச்சாங்கல்ல, அப்பவே நீ யோசிச்சிருக்கணும்.

— யோசிச்சேங்க்கா. யோசிச்சி யோசிச்சித்தான் தப்பா எழுதியிருக்கேன் போலருக்கு.

— டேய், எங்க பெரியப்பா வராரு. ஏ மலர்க்கொடி! செவுத்த வுட்டுத் தள்ளி நில்லு! அரியமுத்து, நீயும் எட்டி நில்லு!... இதோ ஆச்சு பெரியப்பா. மிஷினு சூடாவணும் பெரியப்பா. ஆலையிலயே அப்படித்தான்.

— போயிட்டாரா?

— போயிட்டாரு. மன்னிச்சிக்க மலர்க்கொடியக்கா. பஞ்சாயத்துப் பெரியவரு, அவரு முன்னாடி அக்கான்னு கூப்புட்டா என்னையும் வெளிய நிக்க வச்சிடுவாரு.

— பரவால்ல சாமி. மூச்சுக்கு ஒரு தரம் மாத்தி மாத்திக் கூப்புடுறியே, அதான் உனக்கு நாக்கு சுளுக்கிக்கப் போவுதுன்னு கவலையா இருக்குது.

— அரியமுத்து, நீயும் அவரு இருக்கயில ‘டா’ போடாத. அரியலூரு பஸ் ஸ்டாண்டு வேற, இது வேற.

— இந்தாண்ட வந்ததுலேருந்து நான் ஒரு ‘டா’ கூட போடல. நீதான் போட்டுக்கிட்டிருக்க.

— அப்படியா? சரி, நான் போடலாம்.

— அரியலூரு கிளாசுல ரெண்டு பேருக்கும் ஒரே டிபன் பாக்சாம். இவன் கொழம்ப அவன் திம்பானாம், அவன் முட்டைய இவன் திம்பானாம். இங்க வந்தா நடுவுல இரும்புக் கம்பி.

— அக்கா, வுடு. இளையபெருமாளு, பெட்டியில வரிசையா சின்னச் சின்ன லைட்டு இருக்குல்ல? மேல் வரிசையில எது எரியுது?

— மொதலாவது எரியல. ரெண்டாவது எரியுது.

— இப்ப பச்சைய அமுக்கு.

— மொதலாவது எரியுது. வுட்டா அணையுது. ரெண்டாவது மட்டும் பொண்ணு வூட்டு வாசல் பல்பு மாதிரி எரிஞ்சிக்கிட்டே கெடக்குது.

— அது நிறுத்துற பட்டனோட லைனு. அது எரிஞ்சிக்கிட்டுத்தான் இருக்கணும். அப்ப கம்பியெல்லாம் சரி. பட்டன அமுக்குறது பெட்டிக்குத் தெரியுது. தெரிஞ்சும் குச்சிக்குச் சொல்ல மாட்டேங்குது. அப்ப நான் உள்ள எழுதுன புரோகிராம்லதான் கோளாறு.

— எனக்கு ஒண்ணு வெளங்கல தம்பி. சுவிட்சப் போட்டா தானா அடிக்கிற மோளம் டவுன் கோயில்ல எல்லாம் இருக்குது. நீ என்னத்துக்கு ஆலைய ஓட்டுற பெட்டியக் கொண்டாந்து வச்சே?

— அந்த மோளத்துக்கு ஒரே அடிதானக்கா தெரியும். இவங்க காப்புக் கட்டுக்கு ஒண்ணு, கெடா வெட்டுக்கு ஒண்ணு, சாமி பொறப்பாட்டுக்கு ஒண்ணுன்னு அப்பா அடிச்ச அத்தனையும் வரணும்னாங்க. எப்ப குச்சி வுழணும், எவ்வளவு நேரம் சும்மா இருக்கணும்னு சொல்ல ஒரு மூள வேணும்ல? அதான் இந்த கன்ட்ரோலரு.

— ஆலைக்காரன் வேணாம்னு தூக்கிப் போட்ட மூள.

— பழசாப் போச்சின்னு போட்டாங்க, பைத்தியம் புடிச்சிப்போச்சின்னு போடல. தங்கசாமி சாரு கிளாசுக்குக் கேட்டு வாங்கியாந்தாரு. நான் அவருகிட்ட திருவிழாவுக்கு எரவல் வாங்கியாந்தேன்.

— கல்லு ஒடைக்கிற சுரங்கத்துல நாங்க பாக்காத மிஷினா? அடிச்சா ஓடும், ஒதைச்சா ஓடும். இதுக்கு மட்டும் ஏணி போட்டு ஏறணுமாம்.

— ஏணி மாதிரி படம் வரையுறதுக்கா. ரெண்டு பக்கமும் கம்பம், நடுவுல படி. ஒவ்வொரு படியும் ஒரு கட்டள. இது இருந்து, அது இல்லாம இருந்தா, குச்சிய அடின்னு.

— எங்க வூட்டுக்காரரு சோறு கேக்குற மாதிரி. கொழம்பு இருந்து, நான் பேசாம இருந்தா.

— டேய் அரியமுத்து! அடிக்குதுடா! கேக்குதா? அடிக்குது!

— கேக்குது! அக்கா, அப்பா அடி! அப்படியே அப்பா... ஏன் நின்னுபோச்சு?

— நிமுந்தேன், நின்னுபோச்சு.

— நிமுந்தியா? நீ என்ன பண்ணிக்கிட்டிருந்த?

— உங்க குடும்பக் கதையக் கேட்டுக்கிட்டு பெட்டி மேல சாஞ்சிக்கிட்டிருந்தேன். சும்மா இருக்க வேணாம்னு பச்சைய ஒரு தட்டுத் தட்டுனேன்.

— எதுமேல சாஞ்ச? முழங்கை எதுமேல இருந்துச்சு?

— முழங்கை... சேப்பு மேல.

— திரும்ப சேப்ப அமுக்கிக்கிட்டே பச்சையத் தட்டு.

— அடிக்குது பாரு.

— சேப்ப வுடு.

— நின்னுபோச்சு.

— நிறுத்துற பட்டன அமுக்குனா அடிக்குது. வுட்டா நிக்குது.

— தம்பி, இது சத்தியமா நம்ம ஊரு மிஷினுதான். வேணாம்னு சொன்னாத்தான் செய்யும்.

— அரியமுத்து, இதுக்கு ஏன் மண்டைய ஒடைச்சிக்கணும்? திருவிழா முடியுற வரைக்கும் நான் சேப்பு மேலயே சாஞ்சிக்கிட்டு நிக்குறேன். சோறு மட்டும் ஊட்டி வுடுங்க.

— இரு, இரு. எனக்குத் தெரிஞ்சிபோச்சு. அய்யய்ய... என்னைச் செருப்பால அடிக்கணும்.

— அடிக்கிறத அப்புறம் நான் பாத்துக்கிறேன். என்னான்னு சொல்லு.

— சேப்பு பட்டன்ல எப்பவும் கரண்டு போய்க்கிட்டே இருக்கும்க்கா. அமுக்குனாத்தான் அறுந்து நிக்கும். நான் வேல பாத்த ஆலையில, இந்தப் பெட்டி வர்றதுக்கு முந்தி இருந்த ரிலே போர்டு படத்துல அத மூடுன காண்டாக்டுன்னு வரைவோம். நான் அந்தப் படத்த அப்படியே பாத்து பெட்டியில எழுதிட்டேன். ஆனா பெட்டிக்கு அது வேற அர்த்தம். அந்த லைன்ல கரண்டு வராம இருந்தா மட்டும் அடின்னு ஆயிடுச்சி.

— தமிழ்ல சொல்லு.

— வாசல்ல ஒரு காவக்காரன உக்கார வச்சிருக்கேன். அவன் எந்நேரமும் அங்கதான் இருப்பான். ‘காவக்காரன் இருந்தா உள்ள வா’ன்னு எழுதறதுக்குப் பதிலா ‘காவக்காரன் இல்லன்னா உள்ள வா’ன்னு எழுதிட்டேன். இவன் சேப்ப அமுக்குறப்பதான் காவக்காரன் எழுந்து போறான்.

— இத மொதல்லயே சொல்றதுக்கென்ன.

— தங்கசாமி சாரு தலையில அடிச்சிக்கிட்டுச் சொன்னாரு. ரிலே போர்டுல வேல பாத்தவனுங்க எல்லாரும் இந்த ஒரு பள்ளத்துலதான்டா வுழுவீங்கன்னு. நாந்தான் முன் பெஞ்சில உக்காந்து பெருசா தலையாட்டுனேன். தலையாட்டிட்டு வந்து நேரா அதுலயே வுழுந்திருக்கேன்.

— நான் பின் பெஞ்சில தூங்குனேன். ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான் நிக்குறோம். பாத்தியா, படிப்பு எவ்வளவு சமமா இருக்குதுன்னு!

— ஒரே எடத்துலயா நிக்குறீங்க சாமி? நீ உள்ள நிக்குற.

— சரிக்கா. அரியமுத்து, இப்ப பட்டனுக்குப் பின்னால போற கம்பிய வேற முனையில மாத்திச் சொருவிடவா? ஸ்குரூ டிரைவரு இருக்குது. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஆயிடும்.

— வேணாம். கம்பியத் தொடாத.

— ஏன்டா? அப்படி மாத்துனா அடிக்கும்ல?

— அடிக்கும். எலி கடிச்சி அந்தக் கம்பி அறுந்துதுன்னா, அப்புறம் எத அமுக்குனாலும் நிக்காது. குச்சிகிட்ட எவனாவது கைய வச்சிருந்தா வெரலு போயிடும். கம்பி அறுந்தா மிஷினு நிக்கணும். ஓடக் கூடாது.

— ஊரு பூரா உன்னை எப்ப பறையோட பாப்போம்னு நிக்குது, நீ எலிக்குப் பயந்து எழுதுறியா?

— எலிக்கு இல்லக்கா. வெரலுக்கு.

— அவங்க வெரலுதானே?

— யாரு வெரலா இருந்தா என்ன? தப்பா ஓடுறதுக்கு ஓடாமலே கெடக்கலாம்.

— நல்லா வாய்ச்ச எனக்குத் தம்பி. உன்னை ஏசக்கூட இப்ப நேரமில்ல.

— இளையபெருமாளு... ஒரு நிமிசம் நான் உள்ள வந்தேன்னா நானே மாத்திட்டுப் போயிடுவேன்.

— வாசல்ல ஆளு நிக்குதுடா.

— சும்மாதான் கேட்டேன். வேணாம். அந்தக் கையில புடிக்கிற கீபோர்ட எடு.

— ஏன் வேணாம்? இவன் சீவுன குச்சி உள்ள போச்சு. எங்கப்பா பறை உள்ள போச்சு. மஞ்சத்தண்ணியத் தெளிச்சி, மாலையப் போட்டு மூடி, நாலு பேரு தூக்கிக்கிட்டுப் போனீங்க. செஞ்சவன் மட்டும் சன்னல்ல தொங்கணுமா?

— அக்கா, எனக்கு அந்த அதிகாரம் இருந்தா... நானே பெரியப்பா நெலத்து மொளக்குச்சி. என்னை எங்க அடிச்சாரோ அங்க நிக்குறேன்.

— அக்கா, வுடு. அவன வையாத. கீபோர்டு கையில இருக்குதா?

— இருக்குது. பெரிய கால்குலேட்டரு மாதிரி.

— அதேதான். கீழ அம்பு போட்ட பட்டன அமுக்கிக்கிட்டே போ. ஒவ்வொரு வரியா வரும். ‘ஆண்ட் நாட்’னு வந்தா சொல்லு.

— லோடு ஒண்ணு... ‘ஓர்’னு என்னமோ... ஆங், ‘ஆண்ட் நாட் ரெண்டு’. வந்துடுச்சி.

— அதான். அந்த ‘நாட்’தான் காவக்காரன் இல்லன்னாங்குற சொல்லு. அது வேணாம். ‘ஆண்ட்’ அமுக்கு. ‘ரெண்டு’ அமுக்கு. அப்புறம் ஓரத்துல பெருசா இருக்குற ‘எழுது’ பட்டன்.

— கீய்ங்குது.

— என்ன கீய்ங்குது?

— மிஷினு. என்னை வையுது.

— சாவிய எழுதுற பக்கம் திருப்புனியா? ஓடுற பக்கம் இருந்தா எழுத வுடாது.

— எந்தச் சாவி?

— கீபோர்டு நெத்தியில ஒரு சாவி சொருவியிருக்கும் பாரு. கிளாசுல வாரம் பூரா அதத்தானே சொன்னாரு!

— ஓ, இது திருவுறதுக்கா? நான் தொலைஞ்சிடக் கூடாதுன்னு சொருவி வச்சிருக்காங்கன்னு நெனச்சேன். திருப்பிட்டேன். ஆண்ட்... ரெண்டு... எழுது. சத்தம் வரல.

— இப்ப என்ன தெரியுது?

— ‘ஆண்ட் ரெண்டு’. நாட்டக் காணோம். ஒழிஞ்சிது.

— பச்சைய அமுக்கு.

— அமுக்கிட்டேன்.

— ம்?

— ஒண்ணும் இல்ல.

— ஒண்ணுமே இல்லியா?

— முன்னாடி சாஞ்சாலாவது அடிச்சிது. இப்ப சேப்பு மேல சாஞ்சாலும் அடிக்கல. டேய், பூசாரி வராரு. கூட பெரியப்பா... என்னா பெரியப்பா? ...சரிங்க. ...சரிங்க பெரியப்பா. ...நானா? ...கொஞ்சம் பொறுங்களேன்.

— என்னா தம்பி சொல்றாங்க?

— இளையபெருமாளு! என்னா சொல்றாங்க?

— போதுமாம். ஸ்பானர என் கையில குடுத்துட்டாங்க. பறையக் கழட்டி வெளிய கொண்டுபோயி உன் கழுத்துல மாட்டணுமாம். பூசாரி குனிஞ்சி குனிஞ்சி மாலையெல்லாம் எடுத்துட்டுப் பாத்துக்கிட்டிருக்காரு, எந்த நட்டக் கழட்டுறதுன்னு.

— நான் அப்பவே நெனச்சேன். அடிச்சிக்கிட்டிருந்தது ஏன் நின்னுது? சேப்பாவது புடிச்சா ஓடிச்சி. இவன் கைய வச்சான், செத்துபோச்சு. ஏன் சாமி, பெரியப்பா முன்னாடியே சொல்லி வச்சாரா? கடைசி நேரத்துல ஏதாச்சும் ஒண்ண அமுக்கி வுட்டுடுன்னு?

— அக்கா!

— நீ பேசாத தம்பி. அவன் சொல்லட்டும்.

— மலர்க்கொடியக்கா, நான் சோம்பேறி. மக்கு. பொண்ணு வூட்டுல ‘கன்ட்ரோலரு படிக்கிறான்’னு சொல்லிக்கத்தான் கிளாசுக்கே போனேன். இதெல்லாம் ஒத்துக்குறேன். ஆனா நீ சொன்னது இருக்குல்ல... அத மட்டும் இவன் நம்புறானான்னு கேட்டுச் சொல்லு.

— நம்பல. நீ அவ்வளவு கரெக்டா ஒண்ண கெடுக்குற ஆளு இல்ல.

— தேங்க்சுடா.

— ஸ்பானர கீழ வை. நான் ஒண்ணொண்ணாக் கேக்குறேன். கரண்டு இருக்குதா?

— இருக்குது.

— பச்சைய அமுக்குனா மொதலாவது லைட்டு எரியுதா?

— எரியுது.

— ரெண்டாவது?

— எரியுது. பூசாரி என் கையப் புடிச்சி இழுக்குறாருடா.

— இழுக்கட்டும். ‘ஆண்ட் ரெண்டு’ அப்படியே நிக்குதா?

— நிக்குது.

— அப்ப எழுதுனது சரி. பட்டன் சரி. கம்பி சரி. எல்லாம் சரியா இருந்தும் ஏன்... நான் சொல்லாம வுட்டது ஏதோ ஒண்ணு... இளையபெருமாளு! சாவி எந்தப் பக்கம் இருக்குது?

— நீ சொன்ன பக்கம்தான். எழுதுற பக்கம்.

— எழுதுற பக்கமே வச்சிருந்தா அது எப்படிடா ஓடும்? திருப்புடா! ஓடுற பக்கம் திருப்பு!

— ‘டா’ போட்டுட்ட. பெரியப்பா கேட்டுட்டாரு.

— கேக்கட்டும்! திருப்பு! பச்சைய அமுக்கு!

— அமுக்கி... கேட்டியா! டேய், கேட்டியா! ரெண்டு கையையும் தூக்கிட்டேன், எதுமேலயும் சாயல! தானா அடிக்குது!

— சேப்ப அமுக்கு.

— எதுக்குடா? இப்பத்தான் அடிக்குது!

— நிக்குதான்னு பாக்கணும்.

— நின்னுபோச்சு. பச்சையத் தட்டுனேன், திரும்ப அடிக்குது. போதுமாடா உனக்கு?

— அய்யோ தம்பி, கொலவை போடுறாங்கடா உள்ள! கெழவிங்க எல்லாம் ஆடுதுங்க! அப்பா அடிச்சப்பகூட இந்த ஆட்டம் ஆடல! ஏ, வாடா, நாமளும் நாலு ஆட்டம் ஆடுவோம்.

— மூணாவது அடி கொஞ்சம் தள்ளி வுழுதுக்கா. டைமர இன்னம் சித்த கொறைக்கணும்.

— அடச் சீ! கழுத்துல இருந்தது எறங்கிப்போச்சுன்னு சந்தோசப்படுவானா, மூணாவது அடியாம்.

— கேக்குற எனக்குத் தெரியுதுல்ல. அப்பாவுக்கும் தெரியும். கயித்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு வஞ்சிக்கிட்டிருப்பாரு.

— வையட்டும். நான் வூட்டுக்குப் போயி அப்பாகிட்ட சொல்லிட்டு வரேன். உங்க பையன் வரமாட்டான், பேரனும் வரமாட்டான்னு.

— அக்கா, இரு. இளையபெருமாளு சன்னலுக்கு வரான். மொகம் ஏன் இப்படி இருக்குது?

— அரியமுத்து... ஒரு சேதி.

— மிஷினு நின்னுபோச்சா?

— மிஷினெல்லாம் ராசா மாதிரி அடிக்குது. பூசாரி நட்டு தேடுறேன்னு மாலையெல்லாம் எடுத்தாருல்ல, அப்ப பறையப் பாத்துட்டாரு. அது கன்னுக்குட்டித் தோலுன்னு இப்பத்தான் அவருக்குத் தோணியிருக்குது. தோலு உள்ள இருக்கக் கூடாதாம். மிஷினத் தூக்கி வெளிய வேப்பமரத்தடியில வைக்கணுமாம்.

— எங்கப்பா நின்ன எடத்துலயா?

— அதே எடந்தான்.

— ஆலையிலேருந்து வந்த மிஷினு! அதுக்கும் நிக்கிற எடத்தக் காட்டிட்டீங்களா? ஒரு நாளு முழுசா உள்ள இருக்க வுடல!

— வெளிய வந்தா வரட்டுங்க்கா. வயர நீட்டிக்கலாம். ஆனா ஒண்ணு, இளையபெருமாளு. மரத்தடியில நின்னு பச்சைய அமுக்குறதுக்கு என்னைக் கூப்புடுறாங்கன்னா நான் வரமாட்டேன். கழுத்துல மாட்டுறதும் அங்க நின்னு அமுக்குறதும் ஒண்ணுதான்.

— உன்னை யாரு கூப்புட்டா? பெரியப்பாவே எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லிட்டாரு. அடிச்ச கற்பூரம் கற்பூரந்தான், அந்தத் தெருவுலேருந்து இனி ஒருத்தரும் வரவேண்டியதில்லன்னு.

— சொல்லிட்டாரா?

— சொல்லிட்டாரு. பூசாரியும் சரின்னுட்டாரு.

— தம்பி! அழுவுறியா? ஏ, அழுவாதடா, எனக்கும் வருது.

— தூசிக்கா. சரி, அப்ப பூசைக்குப் பூச மரத்தடியில நின்னு யாருதான் அமுக்குறது?

— அதான்டா... சாவி திருப்பத் தெரிஞ்சவன் உள்ள ஒருத்தன்தானே இருந்தேன்.

— ஹா! சாமி!

— சிரிக்காதக்கா. எனக்கு இன்னம் பொண்ணுகூட பாக்கல. அதுக்குள்ள பெரியப்பா, இனி நான், எனக்கப்புறம் என் மவன்தான் அமுக்கணும்னு சொல்லிக் கற்பூரத்த அடிச்சி அணைச்சிட்டாரு.